கூமுட்டைக்குப் பின்னால் ஒரு சேவல்

கோழியை அடை வைக்கும்போது கூடையில் தவிட்டையோ மணலையோ பரப்பி, முட்டைகளோடு ஒரு இரும்புத் துண்டு, இரண்டு அடுப்புக்கரி, நாலைந்து காய்ந்த மிளகாய் போட்டு வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும், இரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. 21 நாள் கழித்தும் பொரிக்காமல் கிடப்பது கூமுட்டை. பழி இடிமேல் விழும், வெயில்மேல் விழும், கூட்டை விட்டு அடிக்கடி எழுந்து போன பெட்டைமேல் விழும். சேவலை யாரும் விசாரிப்பதில்லை. அதுதான் விடிகாலையில் கூவிக்கொண்டு, கொண்டை சிவக்கத் திரிகிறதே!

அறிவியலும் வெகுகாலம் இப்படித்தான் நடந்துகொண்டது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பறவைகளை என்ன செய்தது என்று கேட்டால், முட்டை ஓட்டை மெலிய வைத்தது என்ற பதில்தான் முதலில் வரும். அது உண்மைதான். பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் பழைய சேகரிப்புகளில் இருந்த வல்லூறு முட்டைகளையும் புதிய முட்டைகளையும் எடைபோட்டு, 1940களின் பிற்பகுதியில் ஓடு திடீரென மெலிந்ததை 1967இல் காட்டினார். ஆனால் ஓடு உருவாவது பெட்டையின் கருக்குழாயில். உடைந்த ஓடு கூட்டில் கிடக்கும், எண்ணலாம், தராசில் வைக்கலாம். ஆண் பறவைக்கு நேர்ந்த கேடு அப்படித் தடயம் எதையும் கூட்டில் போட்டுவிட்டுப் போவதில்லை. ஓடு கெட்டியாக, முழுசாக, உள்ளே ஒன்றும் வளராத முட்டை மட்டும் மிஞ்சுகிறது. அதைப் பார்த்து யாருக்கும் ரசாயனம் நினைவுக்கு வராது. ஆணின் பக்கக் கணக்கு இன்றுவரை குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஹார்மோன் குலைப்பி என்பது உடம்பின் ஹார்மோனைப் போல நடிக்கிற, அல்லது அந்த ஹார்மோன் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிற, அல்லது ஹார்மோன் உருவாவதையும் கரைவதையும் கெடுக்கிற வேதிப்பொருள். இந்தப் பெயர் 1991 ஜூலையில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ரசீன் நகரத்து விங்ஸ்ப்ரெட் அரங்கில் தியோ கோல்போர்ன் கூட்டிய சந்திப்பில்தான் பிறந்தது. பெயருக்கு வயது முப்பத்துச் சொச்சம். விஷயமோ அதைவிட மிகப் பழையது, தொடங்குவதும் ஒரு சேவலின் கொண்டையில்.

1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னால்ட் பெர்தோல்ட் ஆறு சேவல் குஞ்சுகளின் விந்தகங்களை எடுத்தார். சிலவற்றை அப்படியே விட்டார். சிலவற்றின் வயிற்றுக்குள் வேறொரு இடத்தில் விந்தகத்தைத் திரும்ப வைத்தார். விந்தகம் போனவை கொண்டை வெளுத்துச் சுருங்கி, கூவாமல், சண்டைக்குப் போகாமல் வளர்ந்தன. திரும்ப வைக்கப்பட்டவை முழுச் சேவல்களாயின. நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் இது நடந்ததால், ஏதோ ஒன்று ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது என்றார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது கிடையாது. பிற்காலத்தில் டெஸ்டோஸ்டீரோனைப் பிரித்தெடுக்க முயன்றவர்களும் விந்தகம் நீக்கிய சேவலுக்குச் சாற்றை ஊசியில் போட்டு, கொண்டை எவ்வளவு வளர்கிறது என்று அளந்துதான் அதன் வீரியத்தைக் கணக்கிட்டார்கள். சேவலின் தலையில் இருப்பது ஆண் ஹார்மோனுக்கான அளவுமானி.

அந்த மானி 1950இல் ஒரு எச்சரிக்கையைக் காட்டியது. நியூயார்க் மாநிலத்தின் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் பர்லிங்டன், லிண்டெமன் என்ற இருவர், 8 நாள் வயதுள்ள வெள்ளை லெகார்ன் சேவல் குஞ்சுகளுக்குத் தினமும் டிடிடி ஊசி போட்டார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது பறவைகள் சாகவில்லை, நோயாளியைப் போலவும் இல்லை. ஆனால் கொண்டையும் தாடியும் பெட்டைக்கு இருப்பதுபோலச் சிறுத்திருந்தன. விந்தகத்தின் அளவு இயல்பில் 18 சதவீதம்தான். டிடிடி மூலக்கூறின் வடிவம் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை, அதாவது செயற்கைப் பெண் ஹார்மோனை, ஒத்திருக்கிறது, அதனால் இப்படி நடந்திருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். டிடிடியின் பூச்சிக்கொல்லும் திறனைக் கண்டறிந்த பால் முல்லருக்கு நோபல் பரிசு கிடைத்து அப்போது இரண்டே ஆண்டு. யாரும் காது கொடுக்கவில்லை.

இந்தச் சோதனையில் ஊசி போட்ட காலத்தைக் கவனிக்க வேண்டும். சேவலின் விந்தகத்தில் விந்தணுக்களுக்குச் சோறூட்டி வளர்ப்பவை செர்டோலி செல்கள். அவை பெருகுவது குஞ்சு பொரித்த முதல் எட்டு வாரங்களில். அதற்குப் பிறகு எண்ணிக்கை கூடாது. ஒவ்வொரு செர்டோலி செல்லும் இத்தனை விந்தணுக்களைத்தான் தாங்கும் என்று வரம்பு உண்டு. ஆகவே வளர்ந்த சேவலின் விந்து உற்பத்திக்கான உச்சவரம்பு அந்த எட்டு வாரத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஊசி போடப்பட்ட நாட்கள் இந்தக் காலத்தின்மேல் அச்சாகப் பொருந்துகின்றன. விந்தகம் அவ்வளவு சுருங்கியதில் இதற்கும் பங்கு உண்டு என்றே நான் படிக்கிறேன்.

அதற்கும் முந்தைய ஆபத்து முட்டைக்குள் இருக்கிறது. பாலூட்டிகளில் ஆண் எக்ஸ்-ஒய், பெண் எக்ஸ்-எக்ஸ். பறவைகளில் தலைகீழ்: ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. பாலூட்டிக் கருவில் டெஸ்டோஸ்டீரோன் வந்து ஆணை உருவாக்குகிறது. பறவைக் கருவிலோ ஈஸ்ட்ரோஜன் வந்து பெட்டையை உருவாக்குகிறது. கோழிக் கருவில் ஏறக்குறைய ஆறாம் நாளில் பெட்டையின் பாலுறுப்பில் அரோமடேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்கும். அது சுரக்கச் செய்யும் ஈஸ்ட்ரோஜனால் இடப்பக்கத்து உறுப்பு சினையகமாகும், வலப்பக்கத்தது வாடிப்போகும். ஆண் கருவில் அந்த ஈஸ்ட்ரோஜன் இல்லை. இரண்டு மடங்காக இருக்கும் டிஎம்ஆர்டி1 மரபணு இரண்டு பக்கத்தையும் விந்தகமாக்குகிறது.

ஆணாக வளர்வதற்குப் பறவைக் கருவுக்கு ஈஸ்ட்ரோஜன் இல்லாத ஒரு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும் பொருள் ஒன்று புகுந்துவிட்டால், இடப்பக்க விந்தகத்தின் மேல்தோலில் சினையகத் திசு படரும். பாதி விந்தகம், பாதி சினையகம். ஆணில் மறைந்துவிட வேண்டிய கருக்குழாய் மறையாமல் நிற்கும். தொப்புள்கொடி உள்ள விலங்கில் தாயின் கல்லீரல் கொஞ்சமாவது காவல் காக்கும். முட்டை மூடிய பெட்டி. மஞ்சள் கருவின் கொழுப்பில் தாய் எதை வைத்தாளோ அதைத்தான் 21 நாளும் கரு உண்ணும்.

டிடிடி, மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி, குப்பை எரிப்பதில் உண்டாகும் டையாக்சின் போன்றவை கொழுப்பில் கரைந்து தங்குபவை. பெட்டை ஒவ்வொரு முட்டையோடும் தன் உடம்பிலிருந்து கொஞ்சத்தை வெளியே தள்ளிவிடுகிறது. சேவலுக்கு அந்த வாசல் கிடையாது. ஒரே இடத்தில் ஒரே தீனி தின்றாலும், வயதாக ஆக ஆணின் கொழுப்பில் எச்சம் அதிகம் சேர்வது பல பறவை இனங்களில் காணப்படுவது இதனால்தான். தாய் தள்ளிவிட்டது மகனுக்கு முட்டைக்குள்ளேயே கிடைக்கிறது. வளர்ந்தபின் அவன் தானாகச் சேர்ப்பது அதற்கு மேல்.

இந்தக் கதை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே எப்படி வெளிப்பட்டது என்பதற்குக் கலிஃபோர்னியாக் கடற்கரையைவிடத் தெளிவான இடம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் அருகே டாரன்ஸில் மான்ட்ரோஸ் ஆலை 1947 முதல் டிடிடி தயாரித்தது. அதன் கழிவு நகரச் சாக்கடை வழியாகப் பாலோஸ் வெர்டஸ் கடலடிக்குப் போனது, மீனுக்கு ஏறியது, மீனிலிருந்து கடற்பறவைகளுக்கு ஏறியது. 1970களில் சான்டா பார்பரா தீவில் ஜார்ஜ் ஹன்ட், மோலி ஹன்ட் தம்பதியர் மேற்குக் கடற்காகங்களின் கூடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக மூன்று முட்டை இருக்கும் கூடுகளுக்கு நடுவே ஐந்து, ஆறு முட்டை உள்ள கூடுகள் இருந்தன. பறவைகளைப் பிடித்துச் சோதித்தால் இரண்டும் பெட்டை. இரண்டும் ஒரே கூட்டில் முட்டையிட்டு, முறைவைத்து அடைகாத்தன. அந்த முட்டைகளில் பெரும்பாலானவை கருவுறாதவை. 1977இல் அவர்கள் எழுதியபோது சோடிகளில் 14 சதவீதம் வரை இப்படி இருந்ததாகக் கணக்குச் சொன்னார்கள்.

ஆண்கள் எங்கே போனார்கள்? டேவிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஃப்ரையும் உடன் ஆய்வாளரான டூனும் சுத்தமான கடற்காக முட்டைகளில், 1970 வாக்கில் அங்கிருந்த கடற்பறவை முட்டைகளில் இருந்த அளவுக்கு டிடிடியை ஏற்றிப் பார்த்தார்கள். ஆண் கருக்களில் சினையகத் திசுவும் கருக்குழாயும் வளர்ந்தன. 1981இல் வெளியான அந்த முடிவில் அவர்கள் சொன்னது: இப்படிப் பெண்மைப்பட்ட ஆண்கள் வளர்ந்தபின் இனப்பெருக்கத்துக்கு வருவதில்லை, கூட்டத்தில் ஆண்கள் குறைந்ததற்கு இதுவே விளக்கமாகலாம். ஈஸ்ட்ரோஜன் வேலையில் வலியது டிடிடியின் ஓ,பி வடிவம். உடம்பில் நெடுங்காலம் தங்குவது, டிடிடி சிதைந்து உண்டாகும் பி,பி-டிடிஇ. இந்த டிடிஇ வேறு வேலை செய்கிறது: ஆண் ஹார்மோன் உட்கார வேண்டிய ஆண்ட்ரோஜன் ஏற்பியில் உட்கார்ந்து அதை அடைத்துவிடும். எலியை வைத்து 1995இல் கெல்ஸும் குழுவினரும் இதைக் காட்டினார்கள். ஒரே மூட்டையில் ஒன்று பெண்மையைக் கூட்டுகிறது, இன்னொன்று ஆண்மையைத் தடுக்கிறது.

ஆனாலும் பெட்டைச் சோடிகளைப் பார்த்தவுடன் ரசாயனம் என்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது. ஹவாயின் ஓஆஹு தீவில் லேசான் ஆல்பட்ராஸ்களில் 31 சதவீதம் சோடிகள் பெட்டையும் பெட்டையும்தான். அங்கே ரசாயனத்துக்கு வேலையில்லை. புதிதாகக் குடியேறி வந்த பறவைகளில் பெட்டைகள் அதிகம், அவ்வளவே. ஆண் குறைந்தால் சோடி இப்படி அமையும். ஆண் ஏன் குறைந்தது என்பது தனிக் கேள்வி. கருவைத் திறந்து விந்தகத்தை நுண்ணோக்கியில் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அந்தச் சோதனையை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் முடிவுகளைச் சரியாகப் படிக்க முடியும். கோழி முட்டையை 37.5 டிகிரி செல்சியஸில் அடைவைத்து, காடை என்றால் மூன்றாம் நாள், கோழி என்றால் நாலாம் நாள் வாக்கில், ஓட்டை ஆல்கஹாலால் துடைத்து நுண்ணிய துளையிட்டு, மஞ்சள் கருவுக்குள் மருந்தை இறக்கி, உருக்கிய பாரஃபின் மெழுகால் மூடுவார்கள். மருந்து வெறும் எண்ணெயில் இருந்தால் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், கருவுக்குப் போய்ச் சேராது. அதனால் கடலை எண்ணெயும் லெசிதினும் கலந்த பால்மமாகக் கொடுப்பார்கள். துளையிடுவதே சில கருக்களைக் கொல்லும், கிருமி புகுந்தும் சாகும். எனவே பால்மம் மட்டும் ஏற்றிய முட்டைகள் ஒரு வரிசை, துளையே போடாத முட்டைகள் ஒரு வரிசை இல்லாமல் வந்த எண்களை நம்பக் கூடாது. ஊசி தாமதமானாலும் சோதனை வீண். பாலுறுப்பு பிரிந்து முடிந்த பிறகு போட்டால் ஒன்றும் தெரியாது, "பாதுகாப்பானது" என்ற தவறான முடிவு வரும்.

ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் இந்த முறையில் பல பொருட்களைப் பார்த்தார்கள். கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல்எஸ்ட்ரடையால், காடை முட்டையில் ஒரு கிராமுக்குச் சில நானோகிராம் இருந்தாலே ஆண் கருவையும் பிற்கால நடத்தையையும் பாதித்தது. பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்பீனால் ஏ கோழிக் கருவின் இடப்பக்க விந்தகத்தைப் பெண்மைப்படுத்த ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராம் தேவைப்பட்டது. ஒன்று மற்றொன்றைவிடப் பல ஆயிரம் மடங்கு வீரியம். "பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர் வைத்தால் சேவல் மலடாகும்" என்று பரபரப்பாக எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியைப் பார்ப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் எல்லாமே ஒரே எடை கொண்டவை அல்ல. எவ்வளவு, எந்த நாளில், எவ்வளவு காலம் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் சேதம்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, பலரும் கவனிக்காதது. கருவில் ஈஸ்ட்ரோஜன் பட்ட ஆண் கோழியின் விந்தகத்தில் படர்ந்த சினையகத் திசு, குஞ்சு வளர வளர வாடி, பெரும்பாலும் மறைந்துவிடும். வளர்ந்த பறவையை அறுத்துப் பார்த்தால் விந்தகம் கிட்டத்தட்ட விந்தகம் போலவே இருக்கும். ஆனால் மூளையில் விழுந்தது அழிவதில்லை. காடைக் கருவில் 12ஆம் நாளுக்கு முன் ஈஸ்ட்ரோஜன் பட்டால் அந்த ஆண், வளர்ந்தபின் டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தாலும் பெட்டையை மிதிக்காது, அதாவது இணைசேராது. 1970களிலேயே எலிசபெத் அட்கின்ஸ் காட்டியது இது. விந்து இருக்கிறது, கொண்டுபோய்ச் சேர்க்கும் நாட்டம் இல்லை. கூட்டில் கிடைப்பது அதே கூமுட்டைதான்.

காடையை ஆய்வுக்கூடங்கள் விரும்புவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. ஆறு வாரத்தில் பருவத்துக்கு வந்துவிடும். ஆண் காடையின் எச்சத்துளைக்கு மேலே ஒரு புடைப்பு இருக்கும். அழுத்தினால் ஷேவிங் நுரை போல வெள்ளை நுரை வரும். ஆண்ட்ரோஜன் இருந்தால்தான் அந்தச் சுரப்பி வளரும், நுரை வரும். அதன் நீள அகலத்தைக் காலிப்பரால் அளந்து பெருக்கினால், ரத்தம் எடுக்காமலே ஆண் ஹார்மோனின் நிலை தெரிந்துவிடும். அதோடு ஒரு பெட்டையை உள்ளே விட்டு, முதல் மிதிக்கு எத்தனை வினாடி, ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை என்று குறித்தால் நடத்தையும் கணக்கில் வந்துவிடும். சுரப்பி நன்றாக இருந்தும் மிதி இல்லையென்றால் கோளாறு மூளையில். இரண்டும் இல்லையென்றால் விந்தகத்திலோ அதற்கு மேலிருந்து கட்டளையிடும் சுரப்பியிலோ.

நடத்தை குலைவதற்கு மிகத் துல்லியமான சான்று ஃபுளோரிடாவிலிருந்து வந்தது. எவர்கிளேட்ஸ் சதுப்பில் மெத்தில் பாதரசம் மீனிலும் நண்டிலும் ஏறிக்கிடந்தது. பீட்டர் ஃப்ரெடரிக்கும் நில்மினி ஜெயசேனாவும் வெள்ளை அரிவாள்மூக்கன் பறவைகள் 160ஐப் பெரிய கூண்டுகளில் நான்கு குழுவாக்கி, தீனியில் 0.05, 0.1, 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம்) மெத்தில் பாதரசம் கலந்து கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் கலக்கவில்லை. மூன்று ஆண்டு கவனித்தார்கள். பாதரசம் தின்ற ஆண்கள் பெட்டைகளை ஈர்க்கும் சைகைகளைக் குறைத்துக்கொண்டன, பெட்டைகளும் அவற்றை நெருங்கவில்லை. ஆணும் ஆணும் சேர்ந்து கூடு கட்டின. இப்படிப் போன ஆண்கள் 55 சதவீதம் வரை. அந்தக் கூட்டில் முட்டையே கிடையாது. இந்த அளவுகள் சதுப்பில் பறவைகள் நிஜமாகத் தின்றுகொண்டிருந்த அளவுகள்தான், பறவைகளின் உடம்பில் நோயின் அடையாளம் எதுவும் இல்லை. என் கணிப்பில் இந்தத் துறையின் மிகத் தேவையான சோதனை இதுதான். செத்த பறவையை எண்ணிக்கொண்டிருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

இதற்கு நேர் எதிராகத் தோன்றும் ஒன்று பிரிட்டனில். நம் ஊருக்குக் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வரும் சோளக்குருவியின் உறவான ஸ்டார்லிங், அங்கே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் வடிகட்டிப் படுகைகளில் புழு தின்னும். அந்தப் புழுக்களில் மனிதர் வெளியேற்றிய எஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோனும் பிளாஸ்டிக்கிலிருந்து வரும் வேதிப்பொருட்களும் இருந்தன. ஷாய் மார்க்மன், கேத்தரின் புக்கானன் ஆகியோரின் கார்டிஃப் குழு அதே கலவையை அதே அளவில் ஆண் பறவைகளுக்குக் கொடுத்தது. 2008இல் வெளியான முடிவு: அந்த ஆண்கள் அதிக நேரம், அதிகச் சிக்கலான பாட்டுப் பாடின, மூளையில் பாட்டுக்கான பகுதி பெருத்திருந்தது. பெட்டைகள் அந்தப் பாட்டையே விரும்பின. ஆனால் அந்த ஆண்களின் நோய் எதிர்ப்புச் சக்தி சரிந்திருந்தது. நல்ல பாட்டு நல்ல உடம்பின் அடையாளம் என்று பெட்டை நம்பித் தேர்ந்தெடுக்கிறாள், அடையாளமே பொய்யாகிவிட்டது. பாட்டைக் கேட்டோ கொண்டையைப் பார்த்தோ ஆண் நலம் என்று நாமும் முடிவுகட்ட முடியாது.

பாலியல் ஹார்மோனோடு நிற்கவும் முடியாது. காட்டுப் பறவையின் விந்தகம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பருவம் இல்லாதபோது கடுகுபோலக் கிடந்து, பருவத்தில் சில நூறு மடங்கு பெருக்கும். நாள் நீளுவதை மூளை அறிந்து அந்த வளர்ச்சியைத் தொடங்கிவைக்கிறது. அதற்கான திறவுகோல் தைராய்டு ஹார்மோன். ஜப்பானின் நகோயாவில் யோஷிமுரா குழு 2003இல் காடையின் மூளையில் காட்டியபடி, நீண்ட பகல் வந்ததும் அந்த ஹார்மோனின் டி4 வடிவம் அங்கேயே வீரியம் மிகுந்த டி3 ஆக மாற்றப்படுகிறது. அதன் பின்னரே விந்தகத்துக்குக் கட்டளை போகிறது. எனவே தைராய்டைக் கெடுக்கும் பொருள் சுற்றி வளைத்து விந்தகத்தையும் கெடுக்கும். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பனலதா மொஹந்தி குழு நம் வயல்களில் திரியும் சிவப்புச் சில்லையை எடுத்துக்கொண்டு, மான்கோசெப் பூஞ்சைக்கொல்லியையும் இமிடாகுளோப்ரிட் பூச்சிக்கொல்லியையும் கொல்லும் அளவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக 30 நாள் கொடுத்தது. தைராய்டு தளர்ந்தது, விந்தகம் சுருங்கியது. நெல்லுக்கும் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் அடிக்கும் மருந்துகள்தான் இவை.

இமிடாகுளோப்ரிட்டின் குடும்பத்தில் மற்றவையும் விந்தகத்தைத் தொடுகின்றன. ஜப்பானின் கோபே பல்கலைக்கழகக் குழு 2013இல், குளோதியானிடின் தின்ற ஆண் காடைகளின் விந்தணு மூலச் செல்களில் டிஎன்ஏ துண்டாகியிருப்பதைக் கண்டது. சுவிட்சர்லாந்தில் 2019இல் அசிட்டாமிப்ரிட் மிகக் குறைந்த அளவில் கொடுக்கப்பட்ட சிட்டுக்குருவிகளுக்கு விந்தணு அடர்த்தி குறைந்தது. இவை பூச்சியின் நரம்புக்கென்று வடிக்கப்பட்ட மருந்துகள். பறவைக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் முதலில் விற்கப்பட்டன.

சரி, கையில் ஒரு சேவல் இருக்கிறது, கூமுட்டை அதிகம் விழுகிறது. எப்படித் தெரிந்துகொள்வது? விந்தகம் வயிற்றுக்குள், சிறுநீரகத்தின் முன்முனையில், முதுகெலும்பை ஒட்டி, 41 டிகிரி உடல்சூட்டில் உட்கார்ந்திருக்கிறது. தொட்டுப் பார்க்க வழியில்லை. முட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடைவைக்காத புது முட்டைகளில் பத்தை உடைத்து வெள்ளைத் தட்டில் விடுங்கள். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அது சிறிதாக, கெட்டியாக, ஓரம் பிசிறடித்து இருந்தால் கருவுறவில்லை. நாலு மில்லிமீட்டர் அகலத்தில், நடுவே தெளிந்து வடைபோல வளையமாக இருந்தால் கருவுற்றது. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. டார்ச்சில் வெறுமையாகத் தெரியும் முட்டைகளில் இரண்டாம் மூன்றாம் நாளே செத்த கருக்களும் உண்டு. அவை சேவலின் கணக்கில் தப்பாக எழுதப்படும். ரத்த வளையம் தெரிந்தால் கரு உண்டாகிச் செத்திருக்கிறது, சேவல் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆய்வகம் இருந்தால் இன்னும் நுட்பமாகப் போகலாம். வெள்ளைப் புள்ளிக்கு மேலுள்ள மஞ்சள் கருச் சவ்வை வெட்டி, உப்புநீரில் அலசி, ஹூக்ஸ்ட் சாயமிட்டு ஒளிரும் நுண்ணோக்கியில் பார்த்தால், சவ்வில் சிக்கிய விந்தணுக்களும் அவை போட்ட துளைகளும் தெரியும். விந்தணுவே இல்லையா, வந்தும் கரு வளரவில்லையா என்பது அங்கே பிரிந்துவிடும்.

விந்தை நேரடியாகப் பார்க்க இருவர் வேண்டும். நாலைந்து மணி நேரம் தீனியை நிறுத்துங்கள், இல்லையென்றால் எச்சம் கலந்துவிடும். ஒருவர் கால்களைப் பிடிக்க, மற்றவர் முதுகிலிருந்து வாலை நோக்கி நாலைந்து முறை தடவி, வால் நிமிர்ந்ததும் எச்சத்துளையின் இரு பக்கமும் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மெல்ல அழுத்த வேண்டும். பாலாடைபோல வெள்ளையாக 0.2 முதல் 0.5 மில்லிலிட்டர் வரும். ஒரு மில்லிலிட்டரில் 300 முதல் 700 கோடி விந்தணுக்கள் இருப்பது இயல்பு. தண்ணீராக வந்தால் கைத்தவறாகவும் இருக்கலாம். பலமாக அழுத்தினால் தெளிந்த திரவம் கலந்து நீர்த்துவிடும். பழகாத சேவல் முதல் இரண்டு மூன்று தடவை எதுவும் தராது. வாரம் மூன்று முறை வீதம் இரண்டு வாரம் பழக்கிய பிறகு வரும் அளவைத்தான் எழுத வேண்டும். இயோசின்-நிக்ரோசின் சாயத்தில் ஒரு சொட்டைப் பரப்பி 200 விந்தணு எண்ணினால், உயிருள்ளவை வெள்ளையாகவும் செத்தவை இளஞ்சிவப்பாகவும் பிரியும்.

நாள் கணக்கில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். சேவலின் விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டு வாரம், வெளியே வரச் சில நாள். இன்று விஷம் தின்றால் சேதம் விந்தில் தெரிவது இரண்டு மூன்று வாரம் கழித்து. பெட்டையோ கருக்குழாயில் உள்ள நுண்குழல்களில் விந்தணுவை இரண்டு மூன்று வாரம் சேமித்து வைக்கும். சேவல் கெட்டுப்போன பின்னும் முட்டைகள் கொஞ்ச நாள் நன்றாகவே வரும். இரண்டையும் கூட்டினால், காரணத்துக்கும் கூமுட்டைக்கும் நடுவே ஒரு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கும். நேற்று போட்ட தீனியைச் சந்தேகிக்காமல், போன மாதம் கொட்டகையில் என்ன அடித்தோம், எந்த மூட்டையைப் பிரித்தோம் என்று நோட்டைப் புரட்ட வேண்டும்.

ரசாயனத்தைச் சந்தேகிக்கும் முன் தள்ளிவிட வேண்டியவை இருக்கின்றன. எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒன்று என்ற கணக்குக்குச் சேவல் போதாமல் இருப்பது, சேவலுக்கு வயதாகிவிட்டது, உடம்பு பெருத்துவிட்டது, எச்சத்துளையைச் சுற்றிக் கோழிச்செல் என்ற ஒட்டுண்ணிப் பூச்சி மொய்ப்பது, சித்திரை வெயில், தீனியில் வைட்டமின் ஈயும் செலினியமும் குறைவது, முட்டையை ஏழெட்டு நாளுக்கு மேல் வைத்திருந்து அடைவைப்பது. நாட்டுக்கோழிப் பண்ணையில் பெரும்பாலான கூமுட்டைக்கு இவற்றில் ஒன்றுதான் காரணம். மக்காச்சோளத்துப் பூஞ்சை உண்டாக்கும் சீரலினோன் ஈஸ்ட்ரோஜன்போல நடிக்கும் நச்சுதான். ஆனால் அதில் பன்றிதான் மிகவும் அடிபடும், கோழி நன்றாகத் தாங்கும். சில இனங்களில் சேவலுக்குப் பெட்டைபோல இறகு வருவது தோலில் அரோமடேஸ் அதிகம் வேலை செய்யும் மரபுக்கூறு. செப்ரைட் இனத்தில் அது இயல்பு, விஷத்தின் அடையாளம் அல்ல.

இவற்றைத் தள்ளிய பிறகும் கருவுறாத முட்டை தொடர்ந்தால் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. மருந்து நேர்த்தி செய்த விதை சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ சாயமேற்றி வரும். மிச்சமானதைக் கழுவிக் கோழிக்குப் போடுகிறவர்கள் உண்டு, கழுவினால் அது போகாது. மண்ணில் புதைக்க வேண்டும். மருந்தடித்த வயலில் மறுநாளே மேயவிடுவது, பூச்சிமருந்து டப்பாவை வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக்குவது, பேனுக்கான குளியல் மருந்தைக் கண்ணளவில் கலப்பது ஆகியவற்றை நிறுத்த வேண்டும். குப்பை, ஒயர், மின்கழிவு எரித்த இடத்துச் சாம்பலில் கோழி புரளும், கிளறும். டையாக்சினும் பிசிபியும் மண்ணிலிருந்து கோழிக் கொழுப்புக்கு ஏற அதைவிட நேரான வழி இல்லை. அந்த இடத்தை வேலி போட்டு அடைத்தால், பெட்டைகள் முட்டை வழியாகச் சில மாதத்தில் பெருமளவு தெளிந்துவிடும். அங்கே வளர்ந்த சேவல் தெளியாது, அதை மாற்றியாக வேண்டும்.

பழைய மருந்துகளின் பாக்கியும் மண்ணில் இருக்கிறது. இந்தியாவில் டிடிடி விவசாயத்துக்குத் தடையானது 1989இல்; கொசு ஒழிப்புக்கு அதன்பிறகும் தொடர்ந்தது. பிஎச்சி என்று விற்ற எச்சிஎச் 1997இல் நின்றது. எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் 2011இல் நிறுத்தியது. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகமும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் சேர்ந்து தென்னிந்தியப் பறவைகளைச் சோதித்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், இங்கேயே வாழும் பறவைகளின் உடம்பில் மிகுந்திருந்தது எச்சிஎச், அடுத்தது டிடிடி. அந்த ஆய்வு எச்சத்தை அளந்தது. நம் குளங்களில் கூடுகட்டும் கொக்குக்கும் நாரைக்கும் கருவின் விந்தகத்தைத் திறந்து பார்க்கும் வேலை அதைத் தொடர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பறவையைக் கொல்லத் தேவையில்லை. பருவம் முடிந்து கூடு காலியான பின் கைவிடப்பட்டுக் கிடக்கும் முட்டைகளை வனத்துறை அனுமதியோடு எடுத்து, கூட்டின் எண்ணும் தேதியும் எழுதிக் குளிரில் வைத்தால் போதும். உறையவிடக் கூடாது, உறைந்தால் சவ்வு கிழிந்து விந்தணுவை எண்ண முடியாமல் போகும்.